அக்கா மகன் அனுப்பிய நாலு லட்சமும் துபாய்ச் சம்பளமும்

புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார். சுருக்கமாக அவர் சொன்னது இது: மகன் அக்டோபர் வரை சென்னையில் வேலை பார்த்தான், 2025 நவம்பர் 20 அன்று துபாய்க்குப் போய் டிசம்பர் 1 முதல் அங்கே வேலை. அங்கிருந்து மாதம் 60,000 ரூபாய் அப்பா கணக்குக்கு அனுப்புகிறான். பிப்ரவரியில் புதுமனை புகுவிழா. சிங்கப்பூரில் இருக்கும் அக்கா மகன் அதற்கென்று நாலு லட்சம் அனுப்பினான், விழாவில் மொய்யும் வந்தது. மகள் கோவையில் வீட்டில் இருந்தபடியே ஓர் அமெரிக்கக் கம்பெனிக்கு ஒப்பந்தத்தில் சாஃப்ட்வேர் வேலை செய்கிறாள், மாதம் 2,500 டாலர். "மகன் அனுப்பும் பணத்துக்கு நான் வரி கட்ட வேண்டுமா? டாலரில் வந்தால் வரி இல்லை என்கிறார்களே, உண்மையா?"

ஐயா, நீங்கள் பயப்படுகிற இடத்தில் வரி இல்லை. நீங்கள் கேட்காமலே விட்ட இரண்டு இடங்களில் இருக்கிறது. பணம் வெளிநாட்டிலிருந்து வந்ததா என்று வருமான வரிச் சட்டம் முதலில் கேட்பதில்லை. அன்பளிப்பு என்றால், கொடுத்தவர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்கும். சம்பாத்தியம் என்றால், சம்பாதித்தவர் அந்த நிதியாண்டில் எத்தனை நாள் இந்தியாவில் இருந்தார் என்று கேட்கும். கீழே சொல்வதெல்லாம் 2025-26 நிதியாண்டுக்கு. அதற்கான ரிட்டர்ன் 1961ஆம் ஆண்டுச் சட்டப்படிதான். 2026 ஏப்ரல் 1 முதல் ஈட்டும் வருமானத்துக்குப் புதிய 2025ஆம் ஆண்டுச் சட்டம் வந்துவிட்டது. பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன, அன்பளிப்பு பற்றிய அடிப்படை மாறவில்லை.

மகனிலிருந்து தொடங்குவோம். மகன் அப்பாவுக்குக் கொடுப்பதற்கு வரியே கிடையாது. 60,000 ஆனாலும் சரி, 60 லட்சம் ஆனாலும் சரி, உச்சவரம்பு இல்லை. வீட்டுச் செலவுக்கு வந்ததா, சேமிப்புக்கு வந்ததா என்ற பேதமும் இல்லை. அந்தப் பணத்தை நீங்கள் எஃப்டி போட்டால் அதில் வரும் வட்டி மட்டும் உங்கள் வருமானம். அதே மகன் நாளைக்குக் கல்யாணமாகி மனைவிக்குப் பணம் அனுப்பி, அவர் பெயரில் எஃப்டி போட்டால் கதை வேறு. மனைவிக்குக் கொடுத்த பணத்துக்கு வரி இல்லை, ஆனால் அதிலிருந்து வரும் வட்டியைச் சட்டம் கணவன் கணக்கிலேயே சேர்க்கும். மாமனார், மாமியார் மருமகளுக்குக் கொடுத்தாலும் இதே விதிதான். பெற்றோருக்குக் கொடுத்தால் இந்தச் சேர்ப்பு இல்லை. மூத்த குடிமகனான அப்பா பெயரில் போடுவதில் ஒரு நியாயமான லாபம் இருப்பது இதனால்தான்.

அடுத்தது அக்கா மகன். இங்கேதான் நம் ஊர் உறவுமுறையும் சட்டத்தின் உறவுமுறையும் முட்டிக்கொள்கின்றன.

1958 முதல் 1998 வரை அன்பளிப்பு வரி என்றே தனிச் சட்டம் இருந்தது. கொடுத்தவர் வரி கட்டினார். அதை எடுத்துவிட்டார்கள். 2004 செப்டம்பரில் வேறு வழியாக மறுபடி உள்ளே வந்தது, இந்த முறை வாங்கியவர் தலையில். முதலில் வரம்பு 25,000 ரூபாய், 2006 ஏப்ரல் முதல் 50,000. அதற்கப்புறம் யாரும் தொடவில்லை. அன்றைக்கு 50,000 ரூபாய்க்கு ஆறேழு பவுன் வாங்கலாம், இன்றைக்கு ஒரு பவுன்கூட வராது. இதைச் சொல்லி நான் புலம்பாத ஆண்டு இல்லை.

இந்த 50,000ஐப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். இது ஓர் ஆள் கொடுப்பதற்கான வரம்பு இல்லை. உறவினர் அல்லாத எல்லோரும் ஓராண்டில் கொடுத்ததைக் கூட்டிப் பார்க்க வேண்டும். மூன்று நண்பர்கள் ஆளுக்கு 49,000 கொடுத்தால் 1,47,000. அப்போது 50,000 போக மிச்சத்துக்கு வரி என்பதும் இல்லை. முழு 1,47,000மும் வருமானம்.

சரி, உறவினர் யார்? வாங்குகிறவரை நடுவில் வைத்துப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். கணவன் அல்லது மனைவி, கூடப்பிறந்தவர்கள், கணவன் அல்லது மனைவியின் கூடப்பிறந்தவர்கள், அப்பா அம்மாவின் கூடப்பிறந்தவர்கள், தன் நேர்வழியில் மேலேயும் கீழேயும் உள்ளவர்கள், வாழ்க்கைத்துணையின் நேர்வழியில் உள்ளவர்கள், அப்புறம் இவர்களுடைய கணவன் மனைவியர். இதன்படி பார்த்தால் அத்தான், மைத்துனர், மாமனார், மருமகள் எல்லோரும் உறவு. சகலைகூட உறவு, ஏனென்றால் அவர் மனைவியின் சகோதரிக்குக் கணவர். ஆனால் சித்தப்பா மகன் உறவு இல்லை. பெரியம்மா மகள் இல்லை. சம்பந்தி இல்லை. மனைவியின் சித்தப்பா இல்லை.

சித்தப்பா மகனை நாம் 'தம்பி' என்றுதான் சொல்கிறோம். நம் பேச்சில் அதற்கு வேறு சொல்லும் கிடையாது. பல வருடத்துக்கு முன் என்னிடம் வந்த ஒருவர் அன்பளிப்புக் கடிதத்தில் "என் தம்பி அன்புடன் கொடுத்தது" என்று எழுதி ஆறு லட்சத்துக்கு வரியில்லை என்று காட்டியிருந்தார். அதிகாரி இரண்டு பான் கார்டுகளையும் அடுத்தடுத்து வைத்து, அப்பா பெயரை மட்டும் பார்த்தார். இரண்டும் வேறு வேறு. பேச ஒன்றும் இல்லை, வட்டியோடு கட்டினோம். மனிதர் பொய் சொல்லவில்லை, அவருக்கு அவன் தம்பிதான்.

உங்கள் விஷயம் இன்னும் வேடிக்கை. தாய்மாமன் மருமகனுக்குக் கொடுத்தால் வரி இல்லை. வாங்கும் மருமகனுக்கு அவர் அம்மாவின் கூடப்பிறந்தவர். அதே மருமகன் தாய்மாமனுக்குக் கொடுத்தால் வரி உண்டு! உங்களை நடுவில் வைத்துப் பாருங்கள்: அக்கா பட்டியலில் இருக்கிறார், அத்தான் இருக்கிறார், அவர்கள் பிள்ளை இல்லை. சீர் செய்யும் கை தாய்மாமன் கை மட்டும்தான் என்று சட்டம் எழுதியவர் நினைத்தாரோ என்னவோ. ஆக, நாலு லட்சம் முழுவதும் உங்கள் 2025-26 வருமானம். அவர் சிங்கப்பூரில் இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, திருச்சியில் இருந்து அனுப்பியிருந்தாலும் இதே கதைதான்.

"அவன் அவங்க அம்மாவுக்கு அனுப்பி, அக்கா எனக்குக் கொடுத்திருந்தால்?" என்று அடுத்து கேட்பீர்கள். இரண்டு படியும் வரியில்லாதவைதான். பணம் உண்மையிலேயே அக்காவின் பணமாகி, அவர் விருப்பப்படி உங்களுக்குக் கொடுத்தால் தவறே இல்லை. காலையில் வந்து மதியம் போகிற பணத்தை அக்காவின் பணம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. எப்படியும் உங்களுக்கு வந்தது வந்துவிட்டது. இப்போது போய் அதைக் கடன் என்று மாற்றி எழுதாதீர்கள். வெளிநாட்டில் இருப்பவரிடம் கடன் வாங்குவதற்கு ஃபெமா எனும் அந்நியச் செலாவணிச் சட்டத்தின் விதிகள் தனியாக இருக்கின்றன, அது வேறு தலைவலி.

புதுமனை புகுவிழா என்பதற்காகச் சலுகை உண்டா என்றால், இல்லை. விசேஷங்களில் சட்டத்துக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கல்யாணம். அதுவும் யாருக்குக் கல்யாணமோ அவர் வாங்குவதற்கு மட்டும். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் யார் எவ்வளவு கொடுத்தாலும் வரி இல்லை. பெண்ணின் அப்பா பெயரில் எழுதி அப்பா கணக்கில் போட்ட மொய், கண்டிப்பாகப் பார்த்தால் அந்தச் சலுகைக்குள் வராது. காதுகுத்து, பூப்புனித நீராட்டு, அறுபதாம் கல்யாணம், பிறந்தநாள், கிரகப்பிரவேசம் எதற்கும் சலுகை இல்லை. உயில் வழியாகவோ வாரிசாகவோ வருவதற்கு வரி இல்லை.

உங்கள் ஊரில் இருந்துகொண்டு மொய்யைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி பக்கம் ஆடி மாதம் மொய் விருந்து போடுகிறவர்கள் சொல்வது இது: "நான் பத்து வருஷமா வெச்சதுதான் திரும்பி வருது, இது எப்படி வருமானம்?" நல்ல வாதம்தான். கைம்மாறு இல்லாமல் வருவதைத்தான் சட்டம் பிடிக்கிறது. மொய்யில் கைம்மாறு இல்லாமல் என்ன இருக்கிறது? இன்னும் கொஞ்சம் போனால் அதைக் கடன் என்றே சொல்லலாம், அப்போது 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கடன் வாங்கக்கூடாது என்ற பிரிவு வந்து நிற்கும். ஓர் அதிகாரி கேட்டால் இந்த வாதத்தை நானே முன்வைப்பேன். அதை நம்பி ரிட்டர்னில் காட்டாமல் விடச் சொல்ல மாட்டேன். மொய் நோட்டை எடுத்து வைத்து, மேலே சொன்ன பட்டியலில் இருப்பவர்களை டிக் அடியுங்கள். மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள். அக்கா மகன் பணமே 50,000ஐத் தாண்டிவிட்டதால், மிச்சத்தில் 500 ரூபாய் மொய்கூடக் கணக்கில் சேரும். இன்னொன்று, ஒரே விசேஷத்துக்கு ஒரே ஆளிடம் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்காதீர்கள். உறவினராக இருந்தாலும் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் போட வழியிருக்கிறது.

பணம் இல்லாத பொருளுக்கும் இந்த விதி உண்டு, ஆனால் எல்லாப் பொருளுக்கும் இல்லை. நகை, தங்கக் கட்டி, பங்குகள், ஓவியம், சிலை, 2022 முதல் கிரிப்டோ, அப்புறம் வீடு, நிலம். நண்பர் கார் வாங்கிக் கொடுத்தால் பட்டியலில் கார் இல்லை, வரி இல்லை. நிலம் எழுதிக் கொடுத்தால் வழிகாட்டி மதிப்பு முழுவதும் வருமானம். உறவினர் கொடுத்த நிலத்தைப் பின்னால் விற்கும்போது, அவர் வாங்கிய விலைதான் உங்கள் விலை, அவர் வைத்திருந்த காலமும் உங்கள் காலமாகச் சேரும். பழைய பத்திரத்தைத் தொலைத்துவிடாதீர்கள்.

இப்போது நீங்கள் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மகனின் துபாய்ச் சம்பளம்.

"என்ஆர்ஐ ஆயிட்டான், வரி இல்லை" என்று வீட்டில் எல்லோரும் நினைத்திருப்பீர்கள். விமானம் ஏறிய அன்றே ஒருவர் என்ஆர்ஐ ஆவது ஃபெமா சட்டத்தில். அதன்படி வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போட்டுவைக்கும் என்ஆர்ஈ வங்கிக் கணக்கு திறக்கலாம், அதன் வட்டிக்கு வரி இல்லை. வருமான வரியில் கணக்கே வேறு. அது நாளை எண்ணுகிறது. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையான நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால் அந்த ஆண்டு முழுவதற்கும் அவர் இங்கே குடியிருப்பவர். வேலைக்காக வெளிநாடு கிளம்பும் இந்தியக் குடிமகனுக்கும் இந்த 182தான். ஏப்ரல் 1லிருந்து எண்ணினால் செப்டம்பர் 29ல் 182 முடிகிறது. உங்கள் மகன் நவம்பர் 20ல் கிளம்பினார்: 234 நாள். ஆக 2025-26ல் அவர் முழுக்க முழுக்க இந்தியக் குடியிருப்பாளர். இதற்கு முன்னும் இங்கேயே இருந்தவர் என்பதால், உலகில் எங்கே சம்பாதித்தாலும் இங்கே வரி. டிசம்பர் முதல் மார்ச் வரையான நான்கு மாத துபாய்ச் சம்பளமும் அதில் அடக்கம்.

எண்ணில் பார்த்தால் உறைக்கும். சம்பளம் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. நானே ஒன்று வைத்துக்கொள்கிறேன். சென்னையில் மாதம் 90,000, ஏழு மாதம்: 6,30,000. துபாயில் மாதம் 12,000 திர்ஹாம், ஒரு திர்ஹாம் 24 ரூபாய் என்றால் நான்கு மாதத்துக்கு 11,52,000. மொத்தம் 17,82,000. நிலையான கழிவு 75,000 போக 17,07,000. புதிய வரி முறையில், வரிமேல் போடும் செஸ்ஸோடு வரி 1,47,056 ரூபாய். சென்னைக் கம்பெனி வருமானம் 12 லட்சத்துக்குள் என்று சம்பளத்திலேயே பிடிக்கும் வரியான டிடிஎஸ் பிடித்திருக்காது. துபாயில் தனிநபர் வருமான வரியே கிடையாது என்பதால் அங்கே கட்டியதைக் கழித்துக்கொள்ளவும் வழியில்லை. ஆக முழுத் தொகையும், முன்கூட்டிக் கட்டாததற்கான வட்டியோடு, மகன் கையிலிருந்து போக வேண்டும். அவர் செப்டம்பர் மூன்றாவது வாரத்தில் விமானம் ஏறியிருந்தால் துபாய்ச் சம்பளத்துக்கு ஒரு ரூபாய் வரி இல்லை. இரண்டு மாத வித்தியாசம், ஒன்றரை லட்சம். வேலைக்குப் போகிறவர்களிடம் விசா வந்ததா என்று கேட்கிறோம், எந்த மாதம் போகிறாய் என்று ஒருவரும் கேட்பதில்லை.

இரட்டை வரி ஒப்பந்தத்தைக் காட்டலாமா? அமீரகத்தோடு நமக்கு ஒப்பந்தம் இருக்கிறது. ஆனால் அந்த ஒப்பந்தப்படி அமீரகக் குடியிருப்பாளர் ஆக, ஒரு காலண்டர் ஆண்டில் குறைந்தது 183 நாள் அங்கே இருந்திருக்க வேண்டும். 2025ல் அவர் அங்கே இருந்தது ஒன்றரை மாதம்கூட இல்லை. 2026ன் முதல் மூன்று மாதத்துக்கு வாதாட இடமிருக்கலாம். அதை விவரம் தெரிந்த ஒருவரை வைத்துத்தான் செய்ய வேண்டும், தானாகச் செய்கிற வேலை இல்லை.

இன்னொரு கண்ணி: அவர் துபாயில் திறந்த சம்பளக் கணக்கு. குடியிருப்பாளர் என்பதால் ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் அதைக் காட்ட வேண்டும். அந்த அட்டவணை மட்டும் நிதியாண்டுப்படி இல்லை, காலண்டர் ஆண்டுப்படி. 2025 டிசம்பர் 31க்குள் கணக்கு திறந்திருந்தால் இந்த ரிட்டர்னிலேயே வரும். ஐடிஆர்-1ல் இந்த அட்டவணையே இல்லை, ஐடிஆர்-2 போட வேண்டும். காட்டாமல் விட்டால் 2015ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டத்தில் பத்து லட்சம் அபராதம் இருக்கிறது. 2024 அக்டோபர் முதல் அசையாச் சொத்து தவிர மற்றவை மொத்தம் 20 லட்சத்துக்குள் இருந்தால் அந்த அபராதம் இல்லை என்று தளர்த்தினார்கள். தளர்த்தியது அபராதத்தைத்தான், காட்ட வேண்டிய கடமையை இல்லை. வெளிநாட்டு வங்கி விவரம் இவர்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். அமீரகம், சிங்கப்பூர் உட்படப் பல நாடுகள் கணக்கு விவரத்தை ஆண்டுதோறும் இங்கே அனுப்புகின்றன.

2026-27லிருந்து நிலைமை சுலபம். விடுமுறைக்கு வந்து போகும் நாட்கள் 182க்குள் இருந்தால் அவர் என்ஆர்ஐ. துபாய்ச் சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை, அதை இந்தியாவுக்கு அனுப்புவதாலும் வரி வராது. இந்தியாவில் வாடகை, வட்டி என்று 15 லட்சத்துக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு மட்டும் 120 நாள் என்ற கடுமையான கணக்கு இருக்கிறது, உங்கள் மகனுக்கு அது பொருந்தாது என்று நினைக்கிறேன். பழைய சேவிங்ஸ் கணக்கை, என்ஆர்ஐக்களின் இந்திய வருமானத்துக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றச் சொல்லுங்கள். அதன் வட்டிக்கு வரி உண்டு; என்ஆர்ஈ வட்டிக்கு இல்லை. பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்த பக்கங்களை வருடாவருடம் ஸ்கேன் பண்ணி வைக்கட்டும். வந்த நாள், போன நாள் இரண்டும் சேருமா என்பதில் வாதம் உண்டு. என் மேசையில் மங்கிப்போன ஒரு முத்திரையை லென்ஸ் வைத்துப் பார்த்து 17ஆ 11ஆ என்று அரைமணி நேரம் மல்லுக்கட்டியிருக்கிறோம். 182ஐத் தொட்டுக்கொண்டு நிற்காமல் பத்து நாள் இடைவெளி விடுவது நல்லது.

மகள் விஷயம் நேரானது. கோவையில் உட்கார்ந்து செய்யும் வேலைக்குச் சம்பளம் எந்த நாட்டு நாணயத்தில் வந்தாலும் வருமானம் இந்தியாவுடையது. டாலரில் வந்தால் வரி இல்லை என்று சொன்னவர், என்ஆர்ஐ விதியை அரைகுறையாகக் கேட்டிருப்பார். 2,500 டாலர் என்றால் ஆண்டுக்கு 25 லட்சத்தைத் தாண்டும். ஒப்பந்த அடிப்படையில் செய்யும் தொழில்நுட்ப ஆலோசனை என்பதால் 44ஏடிஏ பிரிவில் போகலாம்: வரவில் பாதியை லாபம் என்று காட்டினால் போதும், கணக்குப் புத்தகம் கேட்க மாட்டார்கள். சுமார் 13 லட்சம் லாபம் என்றால் வரி 78,000. இதை ரிட்டர்ன் போடும்போது இல்லை, மார்ச் 15க்குள் முன்வரியாகக் கட்டியிருக்க வேண்டும். கட்டவில்லை என்றால் வட்டி சேரும். வரவு 20 லட்சத்தைத் தாண்டியதால் ஜிஎஸ்டி பதிவும் வேண்டும். ஏற்றுமதி என்பதால் உறுதிப் பத்திரம் கொடுத்துவிட்டால் வரி பூஜ்யம். பதிவே வேண்டாம் என்று அர்த்தமில்லை. கம்பெனி பங்குகள் கொடுத்தால் அவரும் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையை நிரப்ப வேண்டும். அந்தப் பங்கின் டிவிடெண்டில் அமெரிக்கா 25 சதவீதம் பிடித்துக்கொள்ளும். படிவம் 67 போட்டு அதை இங்கே கழித்துக்கொள்ளலாம்.

கடைசியாக உங்கள் கணக்கு. பென்ஷன் 6,40,000, எஃப்டி வட்டி 1,20,000 என்று எழுதியிருக்கிறீர்கள். மொய் நோட்டில் உறவினர் அல்லாதவர் வைத்தது 85,000 வரும் என்றும் சொல்கிறீர்கள். பென்ஷனில் 75,000 கழிவு போக 5,65,000. வட்டியைச் சேர்த்தால் 6,85,000. அக்கா மகனின் நாலு லட்சமும் மொய் 85,000மும் சேர்ந்தால் 11,70,000. அன்பளிப்புக்குத் தனி விகிதம் கிடையாது, சாதாரண வருமானம் போலத்தான். புதிய முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி உண்டு. 57,000 வரி வந்து, முழுவதும் தள்ளுபடியாகிவிடும். பழைய முறையில் சேமிப்புக்கான 80சி பிரிவில் ஒன்றரை லட்சமும் மூத்த குடிமக்களுக்கான வட்டிக் கழிவு 50,000மும் எடுத்தாலும் 1,13,360 கட்ட வேண்டியிருக்கும். ஆகவே புதிய முறை. நாலு லட்சத்தை 'இதர வருமானம்' பகுதியில் மறைக்காமல் காட்டுங்கள், அக்கா மகனிடம் ஒரு வெள்ளைத்தாளில் அன்பளிப்புக் கடிதம் வாங்கி வையுங்கள். மகன் அனுப்பிய பணத்தை வரிவிலக்கு வருமானம் என்ற பகுதியில் குறித்துவிடலாம்.

ஒன்று மட்டும் கவனம்: 12 லட்சத்துக்கு 30,000தான் இடைவெளி இருக்கிறது. சேவிங்ஸ் கணக்கு வட்டி, போஸ்ட் ஆபீஸ் வட்டி, மறந்துபோன டிவிடெண்ட் எல்லாம் அந்த இடைவெளிக்குள் அடங்குகிறதா என்று வருமான வரித் தளத்தில் உங்கள் வருமான விவரத்தைத் தொகுத்துக் காட்டும் ஏஐஎஸ் அறிக்கையை இறக்கிப் பாருங்கள். கொஞ்சம் தாண்டினாலும் பதற வேண்டாம். தாண்டிய தொகையைவிட அதிகமாக வரி வராதபடி ஒரு விளிம்புச் சலுகை இருக்கிறது.

மகனிடம் இன்றைக்கே பேசுங்கள்.